வல்லை வெளியில் கேட்ட சத்தம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

ஓய்வு பெற்ற பிறகும் பலாலி வீதியால் போகும்போது நான் நம் கார்க் கொம்பனியின் பழைய இடத்தை எட்டிப் பார்ப்பதுண்டு. போன முறை வந்தபோது உங்களில் ஒருவர் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுக்க மாட்டேன். தேநீர் நல்ல தேநீர். தந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மிஸ், றீகோல் வேலை முடிச்சுக் காரைக் குடுக்கேக்கை, இது இனிப் பழுதாகாதுதானே எண்டு சனம் கேக்குது. என்ன சொல்லுறது?"

"நீர் என்ன சொல்லுறனீர்?" என்றேன்.

"ஒரு பிரச்சினையும் இல்லை, சந்தோசமா ஓடுங்கோ எண்டு சொல்லுறன்."

"அது உமக்கு எப்பிடித் தெரியும்?"

"மெஷினிலை ஒரு பிழைக் கோட் நம்பரும் வரேல்லை, மிஸ்."

உங்கள் எல்லோருடைய கையிலும் இப்போது ஒரு கணினித் தட்டு இருக்கிறது. காரில் பொருத்தியதும் அது பச்சை காட்டும், நீங்களும் முகத்தில் பச்சை காட்டுவீர்கள். நல்ல கருவிதான். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது நேற்று வரை நடந்ததை மட்டுந்தான் அறியும். உங்கள் முன்னால் நிற்கும் மனிதர் கேட்பதோ நாளையைப் பற்றி. அந்தத் தம்பிக்கு அன்று நான் பதில் சொல்லாமல் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நாம் தினமும் சொல்கிற சொற்கள் வெளியில் இருப்பவர்களின் காதில் எப்படி விழுகின்றன என்று நமக்குத் தெரிவதில்லை. அந்த றீகோல், அதாவது காரைத் திருப்பி அழைக்கும் அறிவிப்பு, முதன்முதலில் வந்தபோது நான் வாடிக்கையாளர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். ஒரு வகைக் காரில் ஒரு பாகத்தில் குறை இருப்பதைக் கொம்பனியே கண்டுபிடித்து, எல்லோரும் கொண்டுவாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று அறிவித்திருந்தது. நாங்கள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து, "உங்கடை காருக்கு றீகோல் வந்திருக்கு, கொண்டு வாங்கோ" என்றோம்.

புத்தூரிலிருந்து ஒரு வெங்காயத் தோட்டக்காரர் மனைவி பிள்ளைகளோடு வந்து இறங்கினார். கார் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரைக் கழற்றி மனைவி கையில் வைத்திருந்தார். சின்ன மகள் மட்டும் இறங்க மாட்டேன் என்று பின் சீற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாள். அவர் கார்த் திறப்பை என் மேசையில் வைத்தார்.

"திருப்பித் தரச் சொன்னியள், கொண்டந்திட்டன். ஆனா ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

திருப்பி அழைப்பதென்றால் பறித்துக்கொள்வது என்று நினைத்து அந்த வீட்டில் முதல்நாள் யாரும் சாப்பிடவில்லையாம். விளக்கிச் சொன்ன பிறகு அந்தப் பிள்ளைதான் முதலில் சிரித்தாள். அன்றிலிருந்து நான் தொலைபேசியில் அந்த ஆங்கிலச் சொல்லைச் சொல்வதில்லை. "உங்கடை காரிலை ஒரு சாமான் பாக்கவேணும், பின்னேரமே கொண்டு போகலாம்" என்பேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

அந்தக் குறை எது என்பதை உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. இருந்தாலும் வாடிக்கையாளருக்கு எப்படிச் சொல்வதென்று நான் கற்றுக்கொண்டது ஒரு வாடிக்கையாளரிடம்தான். வல்வெட்டித்துறையில் ஒரு பெரியவர். வாழ்நாள் முழுக்கச் சரக்குக் கப்பல்களில் தலைமைப் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் அவரை எப்படி அழைத்தார்களோ அப்படியே ஊரிலும் எல்லோருக்கும் அவர் "சீஃப்". பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் வெறுத்துப்போய், கூரையில் சூரியத் தகடு பூட்டி, மின்சாரக் கார் வாங்கியவர். தன் காரைப் பற்றி எங்களைவிட அதிகம் வாசித்திருப்பார். வாசித்ததை எங்களிடம் பரீட்சையும் வைப்பார். அவருடைய கார் வாசலில் திரும்புவதைக் கண்டதும் எங்கள் தொழில்நுட்பப் பொடியன் யூட் பின்கதவால் குருநகர்க் கடற்கரை வரைக்கும் ஓடத் தயாராக இருப்பான்.

றீகோலுக்குக் காரைக் கொண்டுவந்த அன்று சீஃப் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தானே விளக்கினார்.

"பிள்ளை, நான் விளங்கினது சரியோ எண்டு பாரும். கீழை பெரிய பற்றரி. அதுதான் காரை ஓட்டுறது. முன்னாலை சின்னப் பற்றரி, பழைய கார்களிலை இருக்குமே, அதுதான். சின்னன் இல்லாட்டில் காரின்ரை மூளை வேலை செய்யாது. பெரிசிலை இருந்து சின்னனுக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டி ஒண்டு இருக்கு. அந்தப் பெட்டிதான் எரியுது. பெட்டி எரிஞ்சால், பெரிய தாங்கியிலை தண்ணி நிறையக் கிடக்கும், குழாயிலை ஒரு சொட்டு வராது. சரியோ?"

"ஓம், அப்பிடித்தான்."

"அப்ப நீங்கள் என்ன செய்யப் போறியள்? பெட்டியை மாத்துறியளோ?"

"இல்லை. சொஃப்ட்வெயார் மாத்துவம். மெஷினிலை பழுதெண்டு காட்டினால்தான் பெட்டி மாத்துறது."

சீஃப் கண்ணாடியைக் கழற்றினார். "சூடேறி எரியிற சாமானுக்கு, எரியாதை எண்டு புத்திமதி சொல்லி அனுப்பப் போறியள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அவருடைய மகள் துளசிக்குப் பிரசவத்துக்கு இது கடைசி மாதம். மருமகன் வவுனியாவில் வேலை. துளசி யாழ்ப்பாணத்தில்தான் டொக்டரிடம் காட்டுகிறாள். பிரசவ நோ கண்டால் கொண்டு ஓடவேண்டியது இந்தக் கார்தான். வல்வெட்டித்துறையிலிருந்து வருவதென்றால் வல்லை வெளியைக் கடக்கவேண்டும். உங்களில் வடமராட்சிப் பிள்ளைகளுக்கு அது தெரியும். இரண்டு பக்கமும் கடல்நீரேரி, காற்று, வெயில். ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

யூட் வேலையை முடித்தான். மெஷின் பச்சை காட்டியது. நான் திறப்பைக் கொடுக்கும்போது சீஃப் கேட்டார்.

"இனி நிக்காதெண்டு எழுதித் தருவீரோ?"

தலைமை அலுவலகத்திலிருந்து எங்களுக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். 'திரும்பவும் பழுதாகலாம்' என்ற பேச்சு எங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. வந்து போகிற ஒவ்வொருவரையும் பயமுறுத்தி அனுப்பினால் யார் நிம்மதியாக ஓடுவார்கள்? நான் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நிற்காது என்று சொல்லலாம். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். நிற்கலாம் என்று சொல்லிவிட்டு அவரை அப்படியே அனுப்புவதும் சரியில்லை. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது இதுதான்: ஒருவரிடம் பயத்தைக் கொடுப்பதென்றால், கூடவே அவர் செய்யக்கூடிய ஒரு வேலையையும் கொடுக்கவேண்டும்.

"எழுதித் தர ஏலாது, சீஃப். நிக்காதெண்டு எனக்குத் தெரியாது. ஆனா நிக்கப் போகுதெண்டால் கார் முதலே சொல்லும். அப்ப என்ன செய்யிறதெண்டு நான் காட்டுறன், வாங்கோ."

முற்றத்தில் காருக்குள் உட்கார்ந்து காட்டினேன். பெட்டி போகும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கக்கூடும். முன்னால் எச்சரிக்கை வெளிச்சம் வரும். கார் தானாக வேகத்தைக் குறைக்கும். ஆனாலும் சின்னப் பற்றரியில் மிச்சம் இருக்கும்வரை மெதுவாக ஓடும். ஏசி, பாட்டு, விளக்கு எல்லாவற்றையும் நிறுத்தினால் இன்னும் கொஞ்சத் தூரம் போகும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. காரை ஓஃப் பண்ணினால் திரும்ப ஸ்ராட் வராது. ஆகவே சனம் இருக்கிற இடம் வரும்வரை நிறுத்தாமல் ஓரமாக ஊர்ந்துகொண்டு போகவேண்டும். "பக்கத்து வீட்டு ஓட்டோக்காரரிட்டையும் ஒரு சொல்லுச் சொல்லி வையுங்கோ" என்றேன்.

சீஃபின் முகம் தெளிந்துவிட்டது. கப்பலில் தீப்பிடித்தால் யார் எங்கே ஓடுவது என்று பயிற்சி எடுத்த மனிதரல்லவா. அவருக்கு வேண்டியது உத்தரவாதமே இல்லை, ஒரு பயிற்சிதான்.

அவர் அதை எவ்வளவு தூரம் கொண்டுபோவார் என்று நான் யோசிக்கவில்லை. சில நாளில் அவருடைய மனைவி மனோ அக்கா தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, நீர் இந்த மனுசனுக்கு என்னத்தைச் சொல்லிவிட்டனீர்? காலமை எழும்பினால் எங்களைக் காருக்குள்ளை ஏத்தி வீட்டடி ஒழுங்கையிலை கொண்டு திரியிறார். திரியேக்கை வாயாலை 'டொக்' எண்டு சத்தம் போடுறார். உடனை நான் ஏசியை நிப்பாட்ட வேணுமாம், துளசி போனை எடுக்க வேணுமாம். பிந்தினால் பேச்சு விழுது. வயித்துப் பிள்ளைக்காரி சிரிச்சுச் சிரிச்சு அங்கையே பெத்துப்போடுவாள் போல கிடக்கு."

அத்தோடு நின்றிருந்தால் நல்லது. சீஃப் இந்தப் பயிற்சியை, இதே கார் வைத்திருப்பவர்களின் வட்ஸ்அப் குழுவிலும் எழுதிவிட்டார். அடுத்த நாள் எங்கள் தொலைபேசி ஓயவில்லை. பருத்தித்துறையில் ஒருவர் ஏசி இல்லாமலே ஓடுகிறாராம். சாவகச்சேரியில் ஒரு ரீச்சர் கதவு மூடுகிற சத்தத்துக்கெல்லாம் காரை ஓரங்கட்டுகிறாராம். ஒவ்வொருவருக்கும் நான் திரும்பத் திரும்ப விளக்கினேன். விளக்கிய விளக்கத்தில் ஒன்று கொழும்பு வரை போய்விட்டது.

தலைமை அலுவலகத்திலிருந்து நிமலன் சேர் நேரில் வந்தார். இந்த றீகோல் வேலைக்கு நாடு முழுக்கப் பொறுப்பானவர். கொழும்புத் தமிழர், வயதில் எனக்கு இளையவர், மரியாதையாகப் பேசுவார். மரியாதையாகப் பேசுகிறவர்கள் கண்டிக்கும்போது தப்பிக்க வழியே இருக்காது, அனுபவத்தில் பார்ப்பீர்கள். பெற்றோல் ஜீப்பில் வந்திறங்கி, என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"பாருங்க, வடக்கில வேலை எல்லாம் முடிஞ்சிருக்கு. எல்லாம் பச்சை. அப்படி இருக்கும்போது, நின்னு போனா என்ன செய்றதுன்னு நீங்க வகுப்பு எடுக்கிறீங்க. அப்போ நம்ம வேலையில நமக்கே நம்பிக்கை இல்லன்னுதானே அர்த்தம்?"

"சேர், கேட்டவைக்குத்தான் சொன்னனான்."

"கேட்டா, பிரச்சினை தீர்ந்துட்டுதுன்னு சொல்லணும். ஒரு வரி. அவ்வளவுதான் உங்க வேலை."

பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போது என் கைத்தொலைபேசி அடித்தது. மனோ அக்கா. நிமலன் சேர், எடுக்க வேண்டாம் என்பதுபோல் பார்த்தார். நான் எடுத்தேன்.

"பிள்ளை, சத்தம் கேட்டிட்டுது." மனோ அக்காவின் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "உண்மைச் சத்தம். இவர் வாயாலை போட்டதில்லை."

"எங்கை நிக்கிறியள்?"

"வல்லைப் பாலம் தாண்டியாச்சு. முன்னாலை சிவப்பு வெளிச்சம் வந்திட்டுது. துளசிக்கு விடியத் தொடக்கம் நோ. டொக்டர் உடனை வரச் சொன்னவர். ஓட்டோக்காரர் போன் எடுக்கிறாரில்லை. நான் ஏசியை நிப்பாட்டிப்போட்டன். ஆனா இந்த மனுசன் காரை நிப்பாட்டப் பாக்கிறார்."

எத்தனை நாள் ஒழுங்கையில் வாயால் சத்தம் போட்டுப் பழகியவர். உண்மைச் சத்தம் கேட்டதும் அவருக்குள்ளே இருந்த பொறியியலாளர் எழும்பிவிட்டார். பழுதைத் திறந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. அக்காவிடம் தொலைபேசியைச் சத்தமாகக் கேட்கும்படி போடச் சொன்னேன்.

"சீஃப், காரை நிப்பாட்டாதேங்கோ."

"பிள்ளை, ஒரு நிமிசம். பொனட்டைத் திறந்து ஒருக்காப் பாத்தால்..."

"பாத்து என்ன செய்யப் போறியள்? துளசியை வெயிலிலை இறக்கி வைச்சிட்டுப் பாப்பியளோ?"

காற்றின் இரைச்சலுக்குள் அவர் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பிறகு, "சரி, ஊருறன்" என்றார்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இழுத்து வருகிற லொறியை அனுப்பலாம். அது காருக்கு உதவும், துளசிக்கு உதவாது. அம்புலன்ஸைக் கூப்பிடலாம். கூப்பிடத்தான் வேண்டும், யூட்டிடம் அதைச் சொன்னேன். அவன் பேசிவிட்டு, "வேறொரு விபத்துக்குப் போயிருக்காம் மிஸ், அடுத்தது வாறதுக்குக் கொஞ்சம் பிந்துமாம்" என்றான். எங்கள் முற்றத்தில் நின்றவை எல்லாம் பொனட் திறந்த கார்கள். பத்திரமாக ஓடக்கூடிய ஒரே வாகனம் நிமலன் சேரின் ஜீப். நெருக்கடியில் நல்ல வழி கிடைக்குமா என்று தேடிக்கொண்டு நிற்கவேண்டாம். கையில் இருக்கிற இரண்டு வழியையும் ஒன்றாக அவிழ்த்து விடுங்கள், எது முந்துகிறதோ அது வரட்டும். அம்புலன்ஸும் வரட்டும், மறிக்க வேண்டாமென்று யூட்டிடம் சொல்லிவிட்டு நான் எழும்பினேன்.

"சேர், உங்கடை ஜீப் வேணும்."

அவர் கணினியை மூடினார். "டிரைவர் சாப்பிடப் போயிட்டார்" என்றார். பிறகு திறப்பை எடுத்துக்கொண்டு அவரே எழுந்தார். "நான் ஓட்டுறேன். நீங்க வழி சொல்லுங்க."

எங்கள் வீதியின் திருநெல்வேலிச் சந்தியில் சந்தை நேரம். அவர் கொழும்பில் ஓடுவதுபோல் ஹோன் அடித்தார். வாழைக்குலை கட்டிய சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் மெதுவாகப் போனார். இங்கே ஹோனுக்கு வழி விடமாட்டார்கள், கையைக் காட்டிக் கேளுங்கள் என்று சொன்னேன். கண்ணாடியை இறக்கிக் கை காட்டினார். வழி கிடைத்தது. இருபாலை, கோப்பாய், நீர்வேலி என்று போனோம். தொலைபேசி என் கையில் திறந்தபடியே இருந்தது. சீஃப் இப்போது தன் பழைய வேலைக்குத் திரும்பியிருந்தார், நிலைமையை அறிவித்துக்கொண்டே வந்தார்.

"வெளி தாண்டியாச்சு. வேகம் நல்லாக் குறைஞ்சிட்டுது." பிறகு, "ஆவரங்கால் வருகுது. உழவு மெசின் ஒண்டு முந்திப் போகுது." கொஞ்சம் பொறுத்து, மிகவும் மனம் நொந்த குரலில், "பிள்ளை, பள்ளிக்கூடப் பெடியன் ஒருத்தன் சைக்கிளிலை முந்திறான். முந்திப்போட்டுத் திரும்பிப் பாக்கிறான்."

பின்னாலிருந்து துளசி சிரிப்பது கேட்டது. சிரிப்பு பாதியில் முனகலாக மாறியது. நிமலன் சேர் அதைக் கேட்டார். ஜீப்பின் வேகம் கூடியது.

புத்தூர்ச் சந்திக்குக் கொஞ்சம் இப்பால், ஒரு இரும்புக் கடைக்கு முன்னால் கார் தானாக நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் வேப்பமர நிழலில் கதிரை போட்டுத் துளசியை இருத்தியிருந்தார். அயலில் இருந்த பெண்கள் ஓடிவந்து ஒருத்தி விசிறிக்கொண்டும் ஒருத்தி முதுகைத் தடவிக்கொண்டும் நின்றார்கள். வல்லை வெளியில் நின்றிருந்தால் இது எதுவும் கிடைத்திருக்காது. சீஃப் எங்கே என்று பார்த்தேன். காரின் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். உள்ளே பெரிய பிளாஸ்ரிக் மூடியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்புலன்ஸ் இன்னும் வந்திருக்கவில்லை; இனி வேண்டாமென்று யூட்டுக்குச் சொல்லிவிட்டுத் துளசியை ஜீப்பில் ஏற்றினோம். சீஃபுக்குக் காரை விட்டுவர மனமில்லை. "ஆராவது நிக்க வேணுமே" என்றார்.

"இஞ்சேருங்கோ," என்றார் மனோ அக்கா, "ஓடாத காரை ஆர் களவெடுக்கப் போகினம்? ஏறுங்கோ."

ஏறினார்.

திரும்பும் வழியில் நீர்வேலிக்கு அருகில் துளசிக்குத் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. நிமலன் சேர், இன்னும் எவ்வளவு தூரம் என்று என்னிடம் மூன்றாவது தடவை கேட்டார். எல்லோரிலும் நிதானமாக இருந்தவள் துளசிதான்.

"சேர், முன்னுக்குப் பள்ளம் ஒண்டு இருக்கு. அதிலை மட்டும் கொஞ்சம் மெதுவா விடுங்கோ. மற்றபடி நல்லாத்தான் ஓடுறியள்."

"தேங்க்ஸ்" என்றார் அவர். பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைபோல் இருந்தது அவர் முகம்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோன பிறகு நாங்கள் நடைபாதை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். சீஃப் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்துகொண்டிருந்தார். மனோ அக்கா கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் மேசையில் பாதியில் விட்ட கண்டிப்பு இப்போது தொடரும் என்று நினைத்தேன். நிமலன் சேர் தன் சப்பாத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"நிக்காம ஓட்டணும்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க?"

"கேட்ட எல்லாருக்கும் சொன்னனான்."

"கேக்காதவங்களுக்கு?"

"கேக்காதவைக்கு ஒரு வரிதான் சொல்லச் சொன்னியள், சேர். அந்த வரியைத்தான் சொன்னனான்."

முதல் தடவையாக அவர் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது. "அவங்களுக்கும் சொல்லிடுங்க" என்றார். அன்று பின்னேரமே நானும் யூட்டும் தொலைபேசியில் உட்கார்ந்தோம். கேட்காதவர்களைத்தான் முதலில் எடுத்தோம். சீஃபைப் போன்றவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்காக நீங்கள் கவலைப்பட வேண்டாம், அவர்கள்தான் உங்களுக்காகக் கவலைப்படுவார்கள். "சரி மிஸ், நன்றி மிஸ்" என்று திறப்பை வாங்கிக்கொண்டு போகிறவர்களை யோசியுங்கள். அவர்களுக்கும் அந்தப் பயம் உண்டு. கேட்டால் தங்களுக்கு ஒன்றும் தெரியாதென்று நினைப்போமோ என்ற கூச்சத்தில் கேட்காமல் போகிறார்கள். காரின் பின்பக்கம் வாசலைத் தாண்டும்வரை நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றால், வாசலடியில் ஒரு கணம் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைக் கண்டால் ஓடிப்போய்க் கதையுங்கள்.

இருட்டுவதற்கு முன் துளசிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று மனோ அக்கா தொலைபேசியில் சொன்னபோது பின்னால் சீஃபின் குரல் கேட்டது. பெட்டியைக் கழற்றும்போது தானும் பக்கத்தில் நிற்கவேண்டுமாம், தான் வரும்வரை யூட் அதில் கைவைக்கக் கூடாதாம். யூட் அதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான்.

கார் எங்கள் முற்றத்துக்கு வந்தபிறகு மெஷினைப் பொருத்தினோம். இப்போது சிவப்புக் காட்டியது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு அதற்கும் தெரிந்துவிட்டது. புதிய பெட்டி கொழும்பிலிருந்து வந்து சீஃபின் மேற்பார்வையில் பூட்டப்பட்டது. அந்தக் கதையை யூட்டிடமே கேளுங்கள். நான் சொன்னால் கூட்டிச் சொல்கிறேன் என்பான்.

நிமலன் சேர் அடுத்தநாள் காலை கொழும்புக்குத் திரும்புவதற்கு முன் எங்கள் முற்றத்துக்கு வந்தார். சேர்ட்டின் கையை மடித்துவிட்டு, வாளியில் சவர்க்காரத் தண்ணீர் எடுத்து ஜீப்பின் பின் சீற்றை அவரே தேய்க்கத் தொடங்கினார். யூட் ஓடிப்போய்த் துணியை வாங்கப் பார்த்தான், கொடுக்கவில்லை. நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எங்க வீட்டிலயும் இந்தக் கார்தான் மிஸ். வைஃப்தான் ஓட்டுறா. பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது அவதான்."

"அவவின்ரை காருக்கும் வேலை முடிஞ்சுதோ?"

"முதல் நாளே முடிச்சாச்சு. பச்சை."

கையைத் துடைத்துவிட்டு மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். தள்ளிப் போகவில்லை, அந்த இடத்திலேயே நின்று பேசினார். ஒரு சத்தம் கேட்டால் என்ன, வெளிச்சம் வந்தால் என்ன, எதை நிறுத்தவேண்டும், எதை நிறுத்தக்கூடாது என்று நிதானமாக, ஒழுங்காகச் சொன்னார். அவருக்கு எல்லாம் மனப்பாடம் ஆகியிருந்தது. மறுபக்கம் கேள்விகள் வந்துகொண்டிருந்தன. "தெரியாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இல்ல, நெசமாவே எனக்குத் தெரியாது. கொம்பனிக்கும் தெரியாது" என்றார்.

பிறகு அந்தப் பக்கத்தில் நீளமாக ஏதோ கேட்கப்பட்டது. அவர் ஈரச் சீற்றைத் துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தார்.

"ஓம்," என்றார் கடைசியில். எங்களோடு ஒரு நாள் நின்றதில் அந்தச் சொல்லும் ஒட்டிக்கொண்டுவிட்டது. "முதல்லயே சொல்லியிருக்கணும். அதுக்குத்தான் இப்ப எடுத்தேன்."